மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் இருக்கு, சாமத்துக்கு ஆர்?

போன கிழமை ஃபேஸ்புக்கில பார்த்த ஒரு படம் இன்னும் மனசைக் குடையுது.

பிறந்தநாள் படம். வெளிநாட்டில இருக்கிற ஒரு சின்னப் பிள்ளைக்குப் பிறந்தநாள், அதுக்கு இஞ்ச ஒரு முதியோர் இல்லத்தில மத்தியானச் சாப்பாடு. நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் படத்தில ஆச்சிமாரும் ஐயாமாரும் வரிசையில நிக்கிறாங்க. முன்னுக்குப் பெரிய பெனர். பின்வரிசையில ஒரு ஆச்சி சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. மேசையில சோறு ஆறிக்கொண்டிருக்கு. ஒரு ஐயாட சாரம் நனைஞ்சிருக்கு. அதோட சேர்த்துத்தான் படம் எடுத்துப் போட்டிருக்கு.

கீழ நிறையப் பேர் கும்பிட்ட கை போட்டிருக்கிறாங்க.

(ஆர் போட்டது, எந்த இல்லம் எண்டு நான் சொல்லமாட்டன். ஒரு ஆளைப் பிடிச்சு ஏசிறதுக்கு இதை எழுதேல்லை. நாங்க எல்லாரும் சேர்ந்து கன வருஷமாச் செய்யிற ஒரு விஷயத்தைப் பற்றித்தான் கதைக்கப்போறன்.)

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுது எண்டால், கொஞ்ச மாதமா நான் முதியோர் இல்லங்களுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறன். மாமிக்கு இடம் தேடி. மாமிட மகள், என்ட மச்சாள், சிட்னியில. மகன் டொரன்டோவில. மாமி திருகோணமலை உவர்மலையில தனிய. முந்தி பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவில வந்து படுக்கும். அந்தப் பிள்ளையும் இப்ப கட்டாருக்குப் போயிட்டுது.

"அக்கா, நல்ல இடமாப் பாருங்கோ, காசு பிரச்சினை இல்லை" எண்டாள் மச்சாள்.

நல்ல இடம் எண்டால் என்ன? இதுதான் கேள்வி.

எங்க போனாலும் முதல்ல காட்டுறது சாமி அறை. பிறகு டைல்ஸ். (வெள்ளை வெளேரெண்டு மினுங்குற டைல்ஸ். ஈரக் காலோட ஒரு 80 வயசு ஆள் அதில நடந்தால் என்ன ஆகும் எண்டு யோசிச்சுப் பாருங்க.) பிறகு ரீவி. பிறகு வரிசையாப் போட்ட கட்டில், எல்லாத்துக்கும் ஒரே நிறத்தில விரிப்பு. கடைசியாக் கந்தோருக்குள்ள கூட்டிக்கொண்டு போய் அந்தக் கலண்டரைக் காட்டுவாங்க.

மத்தியானச் சாப்பாட்டுக் கலண்டர். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேர். பிறந்தநாள், கலியாண நாள், ஆண்டுத் திவசம், மகள் கம்பஸ் கிடைச்சதுக்கு, மகனுக்கு பி.ஆர் கிடைச்சதுக்கு. ஒரு இடத்தில பொறுப்பா இருந்தவர் சரியான பெருமையாச் சொன்னார், "தை மாசம் வரைக்கும் மத்தியானம் எல்லாம் புக்காயிட்டுது, மிஸ்."

நான் கேட்டன், "இரவில எத்தனை பேர் வேலைக்கு நிப்பாங்க, ஐயா?"

"ஒரு பிள்ளை நிக்கும்."

"இஞ்ச எத்தனை பேர் இருக்கிறாங்க?"

"முப்பத்திரண்டு."

அவர் பொய் சொல்லேல்லை, மறைக்கவும் இல்லை. அதை நான் மதிக்கிறன். ஆனா அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. படுத்துக்கிடந்து கணக்குப் பார்த்தன். நீங்களும் பாருங்க.

முப்பத்திரண்டு பேரில எட்டுப் பேர் எழும்ப ஏலாத ஆக்கள் எண்டு வையுங்கோ. பாரிசவாதம் வந்தவங்க, இடுப்பு முறிஞ்சவங்க. ஒரே பக்கமாப் படுத்துக்கிடந்தால் முதுகுக்குக் கீழ, குதிக்காலில, இடுப்புக் கரையில ரத்தம் ஓடாமப் படுக்கைப்புண் வரும். அதுக்காகத்தான் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிப் படிப்பிக்கிறாங்க. ஒரு ஆளைத் திருப்பி, பம்பர்ஸ் நனைஞ்சிருந்தால் மாத்தி, துடைச்சு, தலையணை வைக்கக் குறைஞ்சது பத்து நிமிஷம். எட்டுப் பேருக்கு எண்பது நிமிஷம். ரெண்டு மணித்தியாலத்தில மிச்சம் நாப்பது நிமிஷம். அந்த நாப்பதுக்குள்ள மிச்சம் இருபத்திநாலு பேரிட மலசலகூடம், தண்ணி, இருமல், எழும்பி வெளிய நடக்கப் பார்க்கிற ஐயா. திருப்பிறதுக்கு உண்மையில ரெண்டு பேர் வேணும். தனிய இழுத்தால் விரிப்பில உரசித் தோல் கிழியும்.

அந்தப் பிள்ளை விடியும் வரைக்கும் இருக்காமல் ஓடினாலும் ஏலாது. இதில அவளை ஆரும் பிழை சொல்ல முடியுமா? அவள் எத்தினை மணிக்கு மூத்திரத்துக்குப் போவாள்? எப்ப ஒரு தேத்தண்ணி குடிப்பாள்?

படுக்கைப்புண்ணைப் பற்றி இன்னொண்டு சொல்லவேணும், ஏனெண்டால் இது எங்கட தோலைப் பற்றினது. தோல் சிவந்தால் கவனி எண்டுதான் புத்தகங்களில இருக்கும். எங்கட கறுத்த, மாநிறத் தோலில சிவப்பு லேசில தெரியாது. தொட்டுப் பார்க்க வேணும். அந்த இடம் சுடுதா, மற்ற இடத்தை விடக் கெட்டியா இருக்கா, கருநீலமா மாறியிருக்கா எண்டு. இதுக்கு வெளிச்சம் வேணும், நேரம் வேணும், கை வேணும். மூண்டும் இரவிலதான் இல்லை.

அடுத்தது தண்ணிக் கதை.

ஒரு இல்லத்தில ஒரு ஆச்சியோட கதைச்சன். வாய் உதடெல்லாம் வெடிச்சுக் கிடந்தது. கச்சான் காற்று அடிக்கிற காலம். (வெளியூர்க்காரருக்கு: மே தொடங்கி ஓகஸ்ட் மட்டும் மேற்கால, மலையைத் தாண்டிக் காய்ஞ்சு வாற சூட்டுக் காற்று. ஈரச் சீலையைக் கொடியில போட்டால் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள காய்ஞ்சிடும். மனுசரும் அப்பிடித்தான் காய்வாங்க.) நான் போத்தலை நீட்டினன்.

"வேண்டாம் பிள்ளை. பின்னேரத்தில நான் தண்ணி குடிக்கிறதில்லை."

"ஏனாச்சி?"

"குடிச்சால் சாமத்தில எழும்பவேணும். அந்தப் பெட்டையை எத்தினை தரம் கூப்பிடுறது? பாவம் அது."

அந்தப் பதிலில முழுக் கதையும் இருக்கு. வயசு போகப் போகத் தாகம் தெரியிறதே குறையும். அதுக்கு மேல தாகம் எடுத்தாலும் குடிக்காமல் இருக்கிறா, ஆருக்கும் கரைச்சல் குடுக்கக்கூடாதெண்டு. தண்ணி குறைஞ்சால் சலம் போற இடத்தில கிருமி வரும். வயசானவங்களுக்குக் கிருமி வந்தால் சில நேரம் காய்ச்சலே தெரியாது, திடீரெண்டு ஆள் மாறிக் கதைப்பாங்க. செத்துப்போன புருசனைக் கூப்பிடுவாங்க, வீட்டை போகவேணும் எண்டு எழும்புவாங்க. "ஆச்சிக்கு மூளை குழம்பிட்டுது" எண்டு விட்டுடுவோம். அவ இருட்டில எழும்பி நடப்பா. தலைச்சுத்து. மினுங்குற டைல்ஸ். விழுவா.

விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சால் நாலில ஒருத்தர் அளவில ஒரு வருஷத்துக்குள்ளயே போயிடுவாங்க எண்டு டொக்டர்மார் சொல்லுவாங்க. உலக சுகாதார நிறுவனத்திட கணக்குப்படி வருஷத்துக்கு 684,000 பேர் விழுந்து சாகிறாங்க. அதில கூடப் பேர் 60 வயசு தாண்டினவங்க.

சாவுப் பத்திரத்தில இடுப்பு முறிவு எண்டு இருக்கலாம், நியூமோனியா எண்டு இருக்கலாம். இரவில ஒரு ஆள் குறைஞ்சது எண்டு ஒரு பத்திரத்திலயும் எழுதமாட்டாங்க.

சரி, சாப்பாட்டுக்கு வருவம். கலண்டர் நிறைஞ்ச சாப்பாடு.

மத்தியானம் பெரிய சாப்பாடு. பாயாசம், வட்டிலப்பம், ஐஸ்கிரீம், கேக். குடுக்கிறவங்க ஆசையாத்தான் குடுக்கிறாங்க. ஆனா அங்க இருக்கிறவங்களில கனபேருக்குச் சீனி வருத்தம். இண்டைக்கு ஒருத்தர்ட பிறந்தநாள், நாளைக்கு இன்னொருத்தர்ட திவசம், நாளையிண்டைக்கு வேற ஒருத்தர்ட கலியாண நாள். எங்களுக்கு அது வருஷத்தில ஒரு நாள். அவங்களுக்குத் தினமும் திருவிழா. பிறகு குசினி ஆக்கள் வீட்டை போகவேணும் எண்டு பின்னேரம் அஞ்சரைக்கே இரவுச் சாப்பாடு. ரெண்டு பாண் துண்டு, சொதி. அதுக்குப் பிறகு அடுத்த நாள் காலமை ஏழரைக்குத்தான்.

பதினாலு மணித்தியாலம். சீனிக் குளிசை போட்டவங்க, இன்சுலின் ஊசி போட்டவங்க, பதினாலு மணித்தியாலம் வெறுவயிறு. சாமத்தில சீனி இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பிறகு மயங்குவாங்க. இருட்டில பார்க்கிறவளுக்கு ஆச்சி நல்லா நித்திரை கொள்ளுறா எண்டுதான் தெரியும்.

ஒரு கோப்பை பாலும் ரெண்டு பிஸ்கட்டும் இரவு ஒன்பது மணிக்குக் குடுக்க ஆராவது பணம் கட்டியிருக்கிறீங்களா? அந்தக் கலண்டரில அப்பிடி ஒரு வரி நான் காணேல்லை.

குளிசை எண்ட உடன இன்னொரு விஷயம். நித்திரை வராமல் கத்துறவங்களுக்கு "ஒரு பிரிட்டன் (Piriton) குடுத்தால் சரி" எண்டு ஒரு இடத்தில சாதாரணமாச் சொன்னாங்க. தடிமனுக்குப் போடுற அதே மஞ்சள் குளிசைதான். வயசானவங்களுக்கு அது லேசான மருந்தில்லை. தலையைக் குழப்பும், சலத்தை மறிக்கும், அடுத்த நாள் நடையைத் தள்ளாட வைக்கும். டொக்டர் எழுதாத ஒரு குளிசையை, தங்கட அமைதிக்காக இன்னொருத்தர்ட வாயில போடுறதை நான் பராமரிப்பு எண்டு சொல்லமாட்டன். உங்கட ஆள் பார்க்கப் போகேக்க எல்லாம் நித்திரையிலயே இருக்கிறாரா? கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்க. அதில இல்லாத குளிசை உள்ள போகுதா எண்டு கேளுங்க. கேக்கிறதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

வாய் கழுவுறதைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீங்க. ஆனா இதைத்தான் நான் தேடித் தேடி வாசிச்சதில பெரிய விஷயம் எண்டு நினைக்கிறன். ஜப்பானில 11 முதியோர் இல்லங்களில ரெண்டு வருஷமா ஒரு ஆராய்ச்சி செய்தாங்க. ஒரு பகுதி ஆக்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்கள் பல்லு விளக்கி வாயைத் துப்பரவாக்கி விட்டாங்க. மற்றப் பகுதிக்கு வழமை போல. வழமைப் பகுதியில 19 வீதம் பேருக்கு நியூமோனியா வந்தது. வாய் துப்பரவாக்கின பகுதியில 11 வீதம். ஒரு தூரிகைதான்! பல்லே இல்லாத ஆக்களுக்கும் அது உதவிச்சு. வாயில இருக்கிற அழுக்கு நித்திரையில எச்சிலோட சேர்ந்து நெஞ்சுக்குள்ள இறங்குறதுதான் காரணம்.

இதுக்குப் பிறகு நான் எந்த இல்லத்துக்குப் போனாலும் டைல்ஸைப் பார்க்கிறதில்லை. பல்லுத் தூரிகை எங்க வைச்சிருக்கிறாங்க, ஆளாளுக்குப் பேர் எழுதியிருக்கா, அது ஈரமா இருக்கா எண்டு பார்ப்பன். ஈரமான தூரிகை பொய் சொல்லாது.

இப்ப மழைக்கு வருவம்.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்ததை ஒருத்தரும் மறந்திருக்கமாட்டீங்க. எங்கட மாவட்டத்தில மாவிலாறு அணை உடைஞ்சு மூதூர், சேருவில, வெருகல் பக்கம் சனம் பட்ட பாடு. அதே நாளுகளில குருநாகல் மாவட்டத்தில ஒரு முதியோர் இல்லத்துக்குள்ள வெள்ளம் ஏறி 11 பேர் செத்துப்போனாங்க. செய்தியில ரெண்டு வரி. நூற்றுக்கணக்கில சாவுச் செய்தி வந்துகொண்டிருந்த நேரம், அந்த ரெண்டு வரி அப்பிடியே அடிபட்டுப் போயிட்டுது. எனக்கு மட்டும் அது போகேல்லை. எழும்ப ஏலாத ஆளுக்குத் தண்ணி கட்டில் உயரத்துக்கு வரேக்க என்ன செய்ய முடியும்?

நாங்க துறைமுக ஊர்க்காரர். முன்னுக்கும் கடல், பக்கத்திலயும் கடல். 2004 டிசம்பர் 26 காலமை சுனாமி. 2020 டிசம்பர் 2 புரெவிப் புயல், திரியாய்க்கும் குச்சவெளிக்கும் நடுவில கரைக்கு வந்தது இரவில. டோர்ச் வெளிச்சத்தில ஒரே ஒரு பிள்ளை எட்டுக் கட்டில் ஆக்களை எப்பிடி வெளியால கொண்டுவருவாள்?

இதைக் கேட்டன், ஒரு இல்லத்தில. "அப்பிடி வந்தால் நேவிக்காரர் வருவாங்க" எண்டார். வருவாங்க. நான் நம்புறன். ஆனா கொட்டியாரக்குடாப் பக்கம் முழுக்க ஒரே நேரத்தில கூப்பிடேக்க அவங்க முதல்ல எந்த வாசலுக்கு வருவாங்க எண்டு ஆருக்குத் தெரியும்?

கரண்டும் அப்பிடித்தான். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினதை நினைச்சுப் பாருங்க. 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில குரங்கொண்டு மின்நிலையத்துக்குள்ள புகுந்து நாடே இருண்டது. (குரங்குக் கதையை ஊரே சொல்லிச் சிரிச்சுது. காற்று மெத்தையில படுத்திருக்கிற ஆளுக்குச் சிரிப்பில்லை. கரண்ட் போனால் அந்த மெத்தையில காற்று இறங்கும், கீழ இருக்கிற பலகை முதுகில முட்டும்.) 2017இல அமெரிக்காவில புளோரிடாவில இர்மா புயல் அடிச்ச பிறகு ஒரு இல்லத்தில குளிரூட்டி வேலை செய்யாமல் 12 பேர் செத்தாங்க. காற்றும் இல்லை, வெள்ளமும் இல்லை, வெறும் சூடு. ரோட்டுக்கு அங்கால பெரிய ஆஸ்பத்திரி இருந்தது! பணம் இல்லாத நாடா அது? சாமத்தில பொறுப்பா முடிவெடுக்க ஒரு ஆள் இல்லாட்டி, பணக்கார நாட்டிலயும் இதுதான்.

சட்டம் இல்லையா எண்டால், இருக்கு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். 2011இல திருத்தினாங்க. அஞ்சு பேருக்கு மேல முதியவர்களை வைச்சுப் பராமரிக்கிற எந்த இடமும் பதிவு செய்திருக்க வேணும். பிள்ளைகள் இல்லாத, பிள்ளைகள் கைவிட்ட ஆதரவில்லாதவங்களுக்கு அரசாங்கம் இருக்க இடம் குடுக்கவேணும் எண்டும் அதிலதான் இருக்கு. யாழ்ப்பாணத்துக் கைதடி முதியோர் இல்லம் மாதிரி அரச இல்லங்கள் இருக்கு. பிரதேச செயலகத்தில முதியோர் விஷயத்துக்கெண்டே ஒரு உத்தியோகத்தர் இருப்பார். போய்க் கதையுங்க. பதிவுப் பத்திரத்தை இல்லத்தில காட்டச் சொல்லுங்க. ஆனா பதிவுப் பத்திரம் சுவரில தொங்குறதால மட்டும் சாமம் மூண்டு மணிக்கு ஒரு ஆள் கூட வரமாட்டார்.

மச்சாளுக்கு இதெல்லாம் சொன்னன். அவள் சிட்னியில ஒரு முதியோர் இல்லத்திலதான் வேலை செய்யிறாள். (எங்கட பிள்ளைகள் எத்தனை பேர் அங்க இந்த வேலையில இருக்கிறாங்க தெரியுமா!) அவள் சொன்னதைக் கேட்டு எனக்குப் பொறாமை வந்தது. அவுஸ்திரேலியாவிலயும் இல்லங்களில நடந்த அநியாயங்கள் வெளிய வந்து, 2018இல ஒரு அரச ஆணைக்குழு வைச்சு விசாரிச்சு, 2021இல அறிக்கை குடுத்தாங்க. அதுக்குப் பிறகு இப்ப கணக்கு நிமிஷத்தில. ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 215 நிமிஷப் பராமரிப்பு, அதில 44 நிமிஷம் பதிவு பெற்ற தாதி. இரவு பகல் எந்த நேரமும் ஒரு தாதி கட்டடத்துக்குள்ள இருக்கவேணும்.

"அங்கயும் எல்லாம் சரியா நடக்குதெண்டு சொல்லமாட்டன், அக்கா. ஆனா குறைஞ்சால் கேக்க ஒரு இலக்கம் இருக்கு" எண்டாள்.

அதுதான். கேக்க ஒரு இலக்கம். இஞ்ச நாங்க "அன்பாப் பார்க்கிறாங்களா?" எண்டுதான் கேக்கிறம். அன்பு இருக்கு. நான் போன இடமெல்லாம் அன்பைக் கண்டன். ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு சிங்கள ஆச்சி "வத்துற, வத்துற" எண்டு முனகினதைக் கேட்டு ஓடிப்போய்த் தலையைத் தூக்கித் தண்ணி பருக்கினாள். கிண்ணியாவில இருந்து வாற ஒரு தங்கச்சி, நோன்பு நேரத்திலயும் மற்றவங்களுக்குச் சோறு குழைச்சு ஊட்டிக்கொண்டிருந்தா. அன்பில குறையே இல்லை. ஆனா ஒரு ஆளிட அன்பை முப்பத்திரண்டாப் பிரிச்சால், சாமத்தில அது களைப்பா மாறும், களைப்புக் கோபமா மாறும். உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இல்லங்களில வேலை செய்யிறவங்களில மூண்டில ரெண்டு பேர், கடந்த ஒரு வருஷத்தில ஏதோ ஒரு வகையில முதியவர்களைத் துன்புறுத்தினதாத் தாங்களே ஒத்துக்கொண்டிருக்கிறாங்க எண்டு. அவங்க எல்லாரும் கெட்டவங்களா? நான் நம்பமாட்டன். நித்திரை இல்லாத ஒரு ஆளை, ஏழாவது தரம் கட்டிலை நனைச்ச இன்னொரு ஆளோட, இருட்டில தனிய விட்டால் நடக்கிறது இது.

நல்ல ஆக்களும் நிக்கிறாங்க இல்லை. முதியோர் பராமரிப்புப் படிச்சுச் சான்றிதழ் எடுத்த பிள்ளைகள் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகுதுகள். அங்கத்தைய ஆச்சிமாரைப் பார்க்க. போகட்டும், அதுகளும் வாழவேணும். இஞ்ச ஒரு மாசத்துக்குக் குடுக்கிற சம்பளத்தைப் பார்த்தால் நானும் போகச் சொல்லுவன். 2012 கணக்கெடுப்பிலயே இந்த நாட்டில 12.4 வீதம் பேர் 60 தாண்டினவங்க. அதுக்குப் பிறகு அது கூடியிருக்கே தவிரக் குறையேல்லை.

ஏச்சு போதும். ஒரு சந்தோசத்தைச் சொல்லுறன்.

உப்புவெளிப் பக்கம் ஒரு சின்ன இல்லம். பேர் சொல்லமாட்டன், சொன்னால் நாளைக்கே பெனரோட போயிடுவீங்க. வெளியால பார்த்தால் சாதாரண வீடு. டைல்ஸ் இல்லை, சொரசொரப்பான சிவப்புச் சீமெந்து நிலம். பொறுப்பா இருக்கிற அம்மா ரிட்டயரான தாதி. நான் பின்னேரம் ஏழு மணிக்கு, சொல்லாமல் போனன். (இதைக் கட்டாயம் செய்யுங்க. பகல் பத்து மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். இங்கிலாந்தில அரசாங்க ஆக்களே சொல்லாமல்தான் போய்ப் பார்க்கிறாங்க.)

உள்ள போனால், ரெண்டு பேர் இரவு வேலைக்கு வந்துட்டாங்க. பகல் ஆள் போக முதல், கொப்பியை வைச்சு ஒவ்வொரு ஆளாச் சொல்லிக்குடுக்குது. "நாலாம் கட்டில் ஐயா இண்டைக்குத் தண்ணி குறைவு. ஏழாம் கட்டில் ஆச்சிக்கு இடது இடுப்பில தொட்டால் சுடுது, அந்தப் பக்கம் படுக்க விடாத."

நான் அதில நிண்டு கேட்டுக்கொண்டே இருந்தன். நல்ல கச்சேரி கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஒவ்வொரு கட்டிலடியிலயும் ஒரு மணி. கோயில் மணி மாதிரிச் சின்னது, கடையில வாங்கினதாம். கட்டிலில இருந்து மலசலகூடம் வரைக்கும் சுவரில ஒரு கைபிடி, அதுக்குக் கீழ நிலத்தோட ஒட்டினாப்போல மங்கல் வெளிச்சம். எழும்ப ஏலாதவங்களிட கட்டில் எல்லாம் வாசல் பக்கத்து அறையில. ஏன் எண்டு கேட்டன். "தண்ணி வந்தால், நெருப்பு வந்தால், இவங்கதான் முதல்ல வெளிய போகவேணும். விரிப்பிட நாலு மூலையைப் பிடிச்சுத் தூக்குறது எண்டு பழகி வைச்சிருக்கிறம். பக்கத்து வீட்டு ரெண்டு பெடியங்களிட நம்பரும் கதவில ஒட்டியிருக்கு" எண்டா. எழும்ப ஏலாதவங்களைப் பொதுவா எங்க வைப்பாங்க தெரியுமா? கடைசி அறையில. வாறவங்களுக்கு மணம் வரக்கூடாதெண்டு.

ஒன்பது மணிக்குப் பால் வந்தது. ஒவ்வொருத்தரையும் நிமிர்த்தி இருத்தித்தான் குடுத்தாங்க.

மத்தியானச் சாப்பாட்டுக் கலண்டர் அங்கயும் இருந்தது. ஆனா அந்த அம்மா தனக்கெண்டு இன்னொரு கலண்டர் கீறி வைச்சிருந்தா. இரவுக் கலண்டர். ஒரு இரவுக்கு ஒரு ஆளிட சம்பளம். அதில பேரெழுதின கட்டங்கள் சரியான குறைவு. மிச்சத்துக்கு எப்பிடிச் சமாளிக்கிறீங்க எண்டு கேட்டன். தன்ட பென்சனைச் சொன்னா.

எனக்குத் தொண்டை அடைச்சுது.

எங்கட ஊர் அப்பா அம்மாவுக்குச் செய்யிறதில குறைஞ்ச ஊர் இல்லை. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கக் கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு உண்டாக்கினான் எண்டு கதை இருக்கிற மண் இது. இண்டைக்கும் அங்க அந்தியேட்டிக்கு எங்கெங்கோ இருந்து சனம் வருது. திவசம் தவறவிடமாட்டம். அந்தத் திவசத்துக் காசு ஒரு மத்தியானத்துக்குப் போகாமல், ஒரு இரவுக்குப் போனால் என்ன? அப்பாட பேரில ஒரு பிள்ளைக்கு இரவுச் சம்பளம். அம்மாட பேரில பத்து பக்கெற் பம்பர்ஸ். மகளிட பிறந்தநாளுக்கு ஒரு கொமோட் கதிரை. சாப்பாடுதான் குடுக்கவேணும் எண்டு மனசு சொன்னால் குடுங்க. முதல்ல போன் பண்ணிக் கேளுங்க, ஆருக்கு என்ன சாப்பிட ஏலும் எண்டு. பாயாசத்தை விடுங்க, ஒன்பது மணிப் பாலைப் பொறுப்பெடுங்க. குடுத்துட்டுப் பக்கத்தில இருந்து அவங்களோட கதையுங்க. கமராவைப் பைக்குள்ள வையுங்க. படத்தில நிண்ட அந்த ஐயாவும் ஒரு காலத்தில டொக்யாட்டில வேலை செய்து, வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனவர்தான். நனைஞ்ச சாரத்தோட தன்னை ஊர் பார்க்கவேணும் எண்டு அவர் கேக்கேல்லை.

மாமிக்கு அந்த உப்புவெளி இல்லத்தில இடம் சொல்லி வைச்சாச்சு. இப்ப கட்டில் இல்லை, வரிசையில நிக்கிறம். அதுவரைக்கும் ரெண்டு பேர் மாறி மாறி மாமியோட இரவில படுக்கிறாங்க, மச்சாள் காசு அனுப்புறாள். மாமிட பின்னேரத் தண்ணியை நான் பார்த்துக்கொள்ளுறன்.

அப்பாட திவசம் மாசியில வருது. இந்த முறை எவ்வளவு, என்ன செய்ய எண்டு அந்த அம்மாவைக் கேட்டன். சம்பளத்தைச் சொல்லுவா எண்டு நினைச்சன். "முதல்ல பாத்ரூம் கைபிடி, பிள்ளை. அதுதான் அவசரம்" எண்டா. ரெண்டு பாத்ரூமுக்குப் போட்டாச்சு. சுவர் பழசு, ஆளிட பாரம் முழுக்கத் தாங்கவேணும், ஆணி ஆடக்கூடாது. இன்னும் மூண்டு இருக்கு. கைவேலை சுத்தமான மேசன் பாஸ் ஆரும் உங்களுக்குத் தெரிஞ்சால் சொல்லுங்க, கூலி நாங்க குடுப்பம்.